யோசனையைத் தொழிலாக்குவது எப்படி: எல்லையோரச் சக்கை வற்றல்காரனின் முழு வழிகாட்டி

சித்திரை பிறந்து ஆடி முடியும்வரை எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், கால் வைத்தால் சக்கை வாசனைதான். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சக்கை என்றால் பலா, சக்கை வற்றல் என்றால் எண்ணெயில் வறுத்த பலா சிப்ஸ். உங்கள் ஊரில் பிழிந்து எறிவது சக்கை, எங்கள் ஊரில் இலை போட்டு விளம்புவது சக்கை. நான் இருப்பது குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே. வீட்டுக்குப் பின்னால் எட்டு மரம். காய் பறிக்க ஏறுகிறவரின் கூலி காயின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் பாதிக் காய் கீழே விழுந்து அழுகும்.

“இதை வற்றல் போட்டு விற்றால் என்ன?” என்று 2018-இல் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வருடம் மார்ச் 21 அன்றுதான் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்திருந்தது. எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை பக்கம் போனால் டீக்கடையில்கூட அதே பேச்சு. எனக்கும் சூடு பிடித்தது. ஆனால் முதல் பாக்கெட்டை நான் விற்றது 2022-இல்.

நடுவில் நான்கு வருடம் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. பிராண்டுக்குப் பெயர் யோசித்தேன். நண்பனை வைத்து மூன்று லோகோ வரைந்தேன். வறுக்கும் இயந்திரத்துக்குக் கோயம்புத்தூரில் விலை கேட்டேன். கல்யாண வீடு, சாவு வீடு எல்லா இடத்திலும் யோசனையைச் சொன்னேன். “சூப்பர் மக்கா, செய்யி” என்றார்கள். இதெல்லாம் வேலை செய்வது போலவே இருந்தது, ஆனால் ஒரு ரூபாய் உள்ளே வரவில்லை.

கீழே சொல்லியிருப்பது நான் கடைசியில் போன வழி. அப்புறம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேருக்கு இதையே சொல்லிக் கொடுத்தேன். உதாரணம் முழுக்கச் சாப்பாட்டுப் பொருளாக இருக்கும், அதுதான் எனக்குத் தெரிந்தது. தையல், டியூஷன், ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் அனுப்பும் சேவை என்று எதுவாக இருந்தாலும் வரிசை பெரிதாக மாறாது. முன்பின் தெரியாத ஒருவர் காசு எடுத்துக் கொடுப்பது முதலில் நடக்கவேண்டும். பெயர், இயந்திரம், கடன் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

முதல் படி: யோசனையை ஒரு வாக்கியத்துக்குள் அடக்குங்கள்

“சக்கையில் மதிப்புக் கூட்டிய பொருள்கள்” என்பதுதான் என் குறிப்பேட்டில் இருந்த வரி. இதை யாராலும் தவறென்று சொல்ல முடியாது, யாராலும் செய்யவும் முடியாது. நான்கு கேள்விக்கு விடை வரும்படி அதைத் திருப்பி எழுதினேன்: யாருக்கு, எதை, என்ன விலைக்கு, எந்த இடத்தில்?

“களியக்காவிளையில் பஸ் மாறுகிறவர்களுக்கு, 100 கிராம் வருக்கைச் சக்கை வற்றல், 60 ரூபாய்க்கு, பஸ் நிறுத்தம் பக்கத்தில்.”

வருக்கை என்பது சுளை கெட்டியாக இருக்கும் வகை. வாக்கியத்தை இப்படி எழுதியதும் ஒரு சங்கடம் வந்தது. இந்த வாக்கியம் தோற்கக்கூடியது. 60 ரூபாய் அதிகம் என்று யாராவது சொல்லலாம், பஸ் மாறுகிறவனுக்கு வற்றல் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சங்கடம் வந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் ஐந்து யோசனை இருந்தால் எதை எடுப்பது? எது பெரிதாக வளரும் என்று நான் பார்க்கமாட்டேன், அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதை இரண்டு வாரத்துக்குள், போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தில் விற்றுப் பார்க்க முடியும் என்றுதான் பார்ப்பேன். என்னிடம் தேன் யோசனையும் இருந்தது. மார்த்தாண்டம் தேனுக்கு மரியாதை உண்டு. 1920-களில் இங்கே ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப்புற மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டியில் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலத்திலிருந்து வரும் பெயர் அது, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பெட்டி வாங்கி, கூட்டம் பெருகி, தேன் எடுத்து விற்க ஒரு பருவம் ஆகும். வற்றலுக்கு ஒரு மரமும் வறுக்க ஒரு உருளியும் போதும். அதனால் வற்றல்.

இரண்டாம் படி: கருத்துக் கேட்காதீர்கள், விற்றுப் பாருங்கள்

எங்கள் பக்கம் மலையாளம் பாதி, தமிழ் பாதி. எல்லை தாண்டிக் கடைகளில் சாம்பிள் கொடுத்தால் கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, “கொள்ளாம், பின்னே நோக்காம்” என்பார். நன்றாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம். முதல் வாரம் நான் பதினோரு கடையில் ‘கொள்ளாம்’ வாங்கி வந்து வீட்டில் இனிப்பு கொடுத்தேன். பதினோரு கடையில் ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. ‘பின்னே நோக்காம்’ என்பது மரியாதையான ‘வேண்டாம்’ என்று புரிய ஒரு மாதம் ஆனது. தமிழில் நாம் ‘சொல்லி அனுப்புறேன்’ என்போமே, அதே சங்கதிதான்.

முகத்துக்கு நேராகக் கேட்டால் மனிதர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். எழுதித் தரச் சொன்னாலும் அப்படித்தான். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் செய்யத் தொடங்கிய காலத்தில், மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்துப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார். வாங்கப் போனால் ஒரு சிலர் உட்கார்ந்து எல்லாருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்களாம், அவரே சொன்ன கதை இது. அதன் பிறகு விலங்கு ரத்தம் நிரப்பிய பையைக் கட்டிக்கொண்டு தானே அணிந்து சோதித்தார். தான் பஞ்சு என்று நினைத்தது தப்பு, கம்பெனி நாப்கினுக்குள் இருப்பது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடித்தது அதற்கும் பிறகு. 2016-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தப் படிவங்களை நம்பியிருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார்.

ஆகவே சோதனை இப்படி இருக்கட்டும். இருபது பாக்கெட் மட்டும் செய்யுங்கள். சொந்தக்காரர், நண்பர், பழைய ஆசிரியர் யாருக்கும் விற்காதீர்கள். இலவசச் சாம்பிள் ஒரு கடி மட்டும். முழு விலை சொல்லுங்கள், முதல் நாளே தள்ளுபடியில் இறங்கினால் எதைச் சோதித்தீர்கள் என்றே தெரியாமல் போய்விடும். வாங்காமல் போகிறவர் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டரை மணி நேரம் நின்றேன். ஒன்பது பாக்கெட் போனது, வாங்கியவர்கள் ஆறு பேர். கூச்சத்தில் முதல் அரை மணி நேரம் என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முக்கியமான விஷயம் வேறு. ஆறில் இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள்: “அரைக் கிலோவா கிடைக்குமா? மகனுக்குக் கல்ஃபுக்குக் கொடுத்துவிடணும்.” என் வாக்கியத்தில் இருந்த பஸ் மாறுகிறவன் வற்றலைத் தொடக்கூட இல்லை. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் பெட்டி கட்டுகிற அம்மாக்கள்தான் என் வாடிக்கையாளர்கள். நான்கு வருடம் லோகோ வரைந்து கிடைக்காத தகவல் அந்த இரண்டரை மணி நேரத்தில் கிடைத்தது.

முதல் படியில் எழுதிய வாக்கியத்தை இப்போது திருத்துங்கள். மறுபடியும் இருபது. மூன்று சுற்று போயும் அந்நியர் யாரும் இரண்டாவது முறை கேட்டு வரவில்லை என்றால் அடுத்த யோசனைக்குப் போவது நல்லது.

மூன்றாம் படி: உங்கள் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று போகலாம், நான் அதிகம் அடிபட்டது இங்கேதான். கீழே உள்ள எண்கள் நான் தொடங்கிய 2022-இல் என் அடுப்படியில் வந்தவை. உங்கள் ஊரில் மாறும், போடும் முறை மாறாது.

முதலில் நான் போட்ட கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள காயிலிருந்து எனக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வற்றல் வந்தது. காய் விலை, பறிகூலி, ஆட்டோ சேர்த்து 100 ரூபாய். தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 350 கிராம் குடித்தது, அப்போதைய விலை கிலோ 200 என்பதால் 70 ரூபாய். காஸ் 40. ஆக 210. விற்பது 100 கிராம் 60 என்றால் கிலோ 600. லாபம் 390! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, மாதம் நூறு கிலோ விற்றால் என்ன வரும் என்று கூட்டிக்கொண்டே கிடந்தேன்.

என் மச்சான் ஒருவர் நகைக்கடையில் கணக்கு எழுதுகிறவர். அவர் கேட்டார்: “சக்கை வெட்டினது யாரு மாப்பிள?” அம்மாவும் மனைவியும். “அவங்களுக்கு என்ன கொடுத்தீங்க?” ஒன்றும் இல்லை. அங்கே உடைந்தது கணக்கு. சக்கையின் பால் பசையில் கை வைத்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா வேலை இல்லை. வெட்டி, சுளை எடுத்து, கொட்டை நீக்கி, சீவி, வறுக்க வெளியாளை வைத்தால் கிலோவுக்கு 180 ஆகும் என்று கணக்கிட்டோம். பத்துப் பாக்கெட் கவரும் ஒட்டும் லேபிளும் 40. உடைந்தது, கருகியது, நமுத்துத் திரும்பி வந்தது 25. கடைக்குக் கொண்டுபோகும் செலவு 30. மொத்த அடக்கம் 210-இலிருந்து 485 ஆனது.

அடுத்து கடைக்காரர் கமிஷன். சின்னப் பிராண்டுக்கு 25 சதவீதம் கேட்டார்கள். 600-இல் 150 போனால் என் கைக்கு 450. அடக்கமோ 485. ஒவ்வொரு கிலோவுக்கும் 35 ரூபாய் நானே கைக்காசு போட்டு ஊருக்குச் சக்கை வற்றல் ஊட்டுகிறேன் என்று அர்த்தம். வீட்டுப் பெண்களின் கூலியைப் பூஜ்யம் என்று போட்டுத்தான் நம் ஊரில் பாதித் தொழில் ‘லாபத்தில்’ ஓடுகிறது. வியாபாரம் பெருத்து வெளியாளைக் கூப்பிடும் நாளில் அந்த லாபம் காணாமல் போகும்.

விலையை 75 ஆக்கினேன். கிலோ 750, கமிஷன் போக 562.50, மிச்சம் 77.50. சரி, இது தொழில். இதில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை, அதைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும்.

கணக்குத் தாளில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். எந்த ஒரு பொருளின் விலை ஏறினால் எல்லாம் கவிழும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். எனக்கு அது எண்ணெய். 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியது எல்லாருக்கும் நினைவிருக்கும். கிலோ 450 என்று வாங்கியபோது கிலோ வற்றலுக்கு எண்ணெய்ச் செலவு 70-இலிருந்து 157.50 ஆனது. 87.50 கூடுதல். என் 77.50 லாபம் பத்து ரூபாய் நஷ்டமாக மாறியது. வேறு எண்ணெய்க்கு மாறலாம் என்று பலர் சொன்னார்கள். கல்ஃப் அம்மாக்கள் பாக்கெட்டைத் திறந்ததும் மோந்து பார்ப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. விலையை 90-க்கு ஏற்றினேன், இரண்டு கடைகள் நிறுத்திக்கொண்டன. போகட்டும்.

நான்காம் படி: தோற்றுவிட்டதாக எழுதுங்கள்

ஒரு மணி நேர வேலை இது. அமெரிக்க உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் இதைப் ப்ரீ-மார்ட்டம் என்ற பெயரில் விவரித்தார். ஆள் செத்தபின் செய்வது போஸ்ட்மார்ட்டம், இது அதற்கு முன்னால். ஒரு வருடம் கழித்துத் தொழில் படுத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டு, ஏன் படுத்தது என்று ஆளாளுக்குத் தாளில் எழுதவேண்டும். ‘என்ன தப்பு நடக்கலாம்’ என்று கேட்டால் அபசகுனம் போல எல்லாரும் வாய் மூடிக்கொள்வார்கள். ‘நடந்துவிட்டது, காரணம் சொல்லு’ என்றால் கொட்டுவார்கள்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் செய்தோம். அம்மாவுக்கு எழுதப் பொறுமை இல்லை, வாயால் சொன்னாள்: “ஆடி கழிஞ்சா சக்கைக்கு எங்க போவ?” மனைவி எழுதியது மழை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சக்கை காலத்தின் பின்பாதி முழுக்க ஈரக்காற்று, வற்றல் நமுத்துவிடும். மச்சான் எழுதியது ஒரே சொல்: கடன். கடைக்காரர்கள் தரவேண்டிய நிலுவையைத்தான் சொன்னார்.

மூன்றுக்கும் அன்றே வழி எழுதினோம். சக்கை இல்லாத மாதங்களில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், அதிலும் ஓணத்தை ஒட்டி முழு மூச்சாக. கவர் மட்டும் கொஞ்சம் விலை கூடினாலும் காற்றுப் புகாத வகை. கடைக்கு இரண்டாவது சரக்கு, முதல் சரக்கின் பணம் வந்த பிறகுதான். மூன்றாவதைப் பின்பற்றத்தான் மனசு கல்லாக வேண்டும். நான் ஒரு கடைக்கு மட்டும் இளகினேன், அந்தப் பணம் இன்னும் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது.

ஐந்தாம் படி: கிழமையும் மணியும் குறியுங்கள்

“இந்த மாதம் கடைகளைப் பார்க்கணும்” என்பது வேண்டுதல். “செவ்வாய் காலை 10 மணிக்கு, பாறசாலை ஜங்ஷனில் பஸ் இறங்கியதும், இடது பக்க வரிசையில் ஐந்து கடை” என்பது வேலை. எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே கட்டி வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதினார். அவர் சொல்லும் வடிவம் ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’. மழை பெய்தால் என்ன செய்வேன் என்பதையும் எழுதிவிடவேண்டும். எங்கள் ஊரில் மழையைச் சாக்காக வைத்தால் வருடத்தில் பாதி நாள் லீவுதான்.

வேறு வேலையில் இருந்துகொண்டே தொடங்குகிறவர்களுக்கு, வாரத்தில் இரண்டு நேரத் துண்டுகள் போதும். ஒன்று செய்ய, ஒன்று விற்க. இரண்டையும் கலக்காதீர்கள். செய்வது சுகம், விற்பது கூச்சம். கலந்தால் சுகமான வேலை மற்றதைத் தின்றுவிடும்.

ஆறாம் படி: காகிதங்கள், எல்லையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று

சோதனைச் சுற்று முடிந்து, தொடர்ந்து விற்கப் போகிறோம் என்று முடிவானதும் காகித வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. சாப்பாட்டுப் பொருளுக்கு, உணவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு இல்லாமல் கடை அலமாரியில் ஏறமுடியாது. சிறிய தொழிலுக்குப் பதிவு, பெரிய தொழிலுக்கு உரிமம் என்று இரண்டு நிலை. அவர்களுடைய ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு நெடுங்காலம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாயாக இருந்தது. வரம்பு, கட்டணம் எல்லாம் மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்வது, 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘செய்து தருகிறோம்’ என்று ஆயிரம் ரெண்டாயிரம் கேட்கிறவர்களைத் தாண்டிப் போங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், சைவம் என்பதற்கான பச்சைக் குறி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை நன்றாக இருக்கும், பேட்ச் எண், உரிம எண், முகவரி, புகாருக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவை வேண்டும். நான் முதலில் அடித்த ஆயிரம் லேபிளில் பேட்ச் எண்ணுக்கு இடமே விடவில்லை. அவை என் மகளின் பள்ளி நோட்டுக்கு அட்டை போடப் பயன்பட்டன. முதல் முறை இருநூறுக்கு மேல் அடிக்காதீர்கள்.

வறுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் ‘மொத்த போலார் சேர்மங்கள்’ (எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அளவு) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி நுரைக்கத் தொடங்கும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. அந்தச் செலவும் கணக்குத் தாளுக்குப் போகட்டும்.

இனி எல்லைக்காரர்களுக்கான சமாசாரம். சரக்கு விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது மாநிலத்துக்குள் விற்றால்தான். வரி உள்ள சரக்கை அடுத்த மாநிலத்துக் கடைக்கு அனுப்பினால் முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மதுரைக்காரர் தம் மாநிலத்துக்குள்ளேயே முந்நூறு கிலோமீட்டர் போய் விற்கலாம். நான் எட்டுக் கிலோமீட்டர் மேற்கே போனால் அது ‘மாநிலங்களுக்கு இடையேயான வழங்கல்’. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைக் கோடு கிழித்தவர்கள் என் வற்றலை யோசித்திருக்க மாட்டார்கள்.

இது தெரியாமல் பன்னிரண்டு கிலோ சரக்கோடு திருவனந்தபுரம் பக்கத்துக் கடை ஒன்றுக்குப் போனேன். கணக்கர் பில் கேட்டார், பிறகு அதில் ஜி.எஸ்.டி. எண் எங்கே என்றார். பன்னிரண்டு கிலோவும் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. இன்னொரு பள்ளமும் உண்டு. வரி குறைவு, கணக்கும் எளிது என்று காம்போசிஷன் திட்டத்தில் சேரச் சொல்வார்கள். அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக்கூடாது. ஆகவே முதல் வருடம் கோட்டின் எந்தப் பக்கம் விற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள். ஒரு தடவையில் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் கடந்தால் பொதுவாக இ-வே பில்லும், அதாவது சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டும், வேண்டும். என் யோசனை கேட்டால், முதல் ஆறு மாதம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று இந்தப் பக்கமே ஓட்டுங்கள். மேற்கே போக மாதம் குறைந்தது ஐம்பது கிலோ கேட்பு நிச்சயமான பிறகு பதிவு எடுங்கள். ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடும் வேலையும் கணக்கருக்குக் கொடுக்கும் பணமும் சின்ன விற்பனைக்குச் சுமை.

ஏழாம் படி: பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். கடனில் தொடங்க வேண்டாம், மூன்று மாத விற்பனை நோட்டைக் காட்டிக் கடன் கேளுங்கள். சிறு தொழில் கடனுக்காக 2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு என்ற மிகச் சிறிய கடன் பிரிவு 50,000 ரூபாய் வரை, பிணை கேட்கமாட்டார்கள். சிறிய உணவுத் தொழிலுக்கு 2020-இல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.ஈ. திட்டம், திட்ட மதிப்பில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் வரை மானியம் என்று வகுக்கப்பட்டது. இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், எங்களுக்கு நாகர்கோவிலில் கோணம் என்ற இடத்தில் இருக்கிறது. மானியம் கைக்கு வரும் காசு இல்லை, வங்கிக் கடனோடு கட்டுண்டது. மானியத்துக்காகத் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கும் மூன்று கொட்டகையாவது எனக்குத் தெரியும். பக்குவம், பேக்கிங் பற்றிப் பயிற்சி வேண்டுமென்றால் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, போய்வரலாம்.

எட்டாம் படி: கைப்பக்குவத்தைத் தாளில் இறக்குங்கள்

அம்மாவுக்கு மூட்டுவலி வந்த வாரம் வற்றல் மூன்று விதமாக வந்தது. அவள் பக்குவம் முழுக்கக் கண்ணிலும் காதிலும் இருந்தது. “சத்தம் அடங்கினா எடு” என்பாள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன்: எத்தனை நாள் முற்றிய காய், சீவலின் அகலம், ஒரு தடவைக்கு எத்தனை கிலோ, உப்புத் தண்ணீர் எப்போது தெளிப்பது, எத்தனை நிமிடம். இப்போது அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. புதிதாக வந்த பெண் இரண்டாம் நாளே அம்மா அளவுக்கு வறுத்தாள், அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

வாங்குகிறவருக்கும் ஒரு தாள் தேவைப்படலாம். திருவிதாங்கூரில் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை)ப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. விஷம் என்று பயந்த ஜனங்களுக்கு எப்படி வேகவைத்து நீரை வடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, தாமும் சாப்பிட்டுக் காட்டினார் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். புதுப் பொருள் விற்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கதை. திறந்த பாக்கெட்டைக் கிளிப் போட்டு டப்பாவில் வையுங்கள் என்று லேபிளில் ஒரு வரி சேர்த்த பிறகு எனக்கு நமுத்துப்போன புகார் பாதியாகக் குறைந்தது.

ஒன்பதாம் படி: தொண்ணூறு நாள் நோட்டு

ஒரு நோட்டு, நான்கு பத்தி: தேதி, எத்தனை போனது, யார் இரண்டாவது முறை வாங்கினார், யாரிடம் பணம் நிற்கிறது. அதிகமாக எழுதினால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவீர்கள். வாரத்துக்கு ஒருமுறை, எனக்கு ஞாயிறு மத்தியானம், வீட்டில் எல்லாரும் பத்து நிமிடம் அதைப் பார்ப்போம். மூன்றாவது பத்திதான் என் கண் போகும் இடம். புதிதாக வாங்குகிறவரை விளம்பரம் கொண்டுவரலாம், திரும்பி வருகிறவரை வற்றல்தான் கொண்டுவரவேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும் நாளிலேயே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எத்தனை ரூபாய் போனால், எந்தத் தேதிக்குள் எத்தனை விற்காவிட்டால் நிறுத்துவேன் என்று எண்ணாக இருக்கட்டும். காசும் பிடிவாதமும் கலந்த பிறகு அந்த எண்ணை நம்மால் யோசிக்க முடியாது.

2024-இல் எனக்கு அந்தப் பக்கம் தேவைப்பட்டது. வற்றலில் மிஞ்சும் கொட்டையைக் காயவைத்து மாவாக்கி விற்கலாம் என்று அடுத்த யோசனை. இதே வரிசையில்தான் போனேன். 25 பாக்கெட், மூன்று வாரம், பத்துக்குக் குறைந்தால் நிறுத்தம் என்று எழுதி மனைவி கையெழுத்துப் போட்டாள். விற்றது நான்கு, அதில் ஒன்று என் சித்தி வாங்கியது, ஆகவே மூன்று. நிறுத்திவிட்டேன். மிச்சம் 21 பாக்கெட்டையும் வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு மாதம் காலையில் புட்டு. கடைசிப் பாக்கெட் தீர்ந்த அன்று மகள் காலி கவரைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: “அப்பா, நாளையிலிருந்து அரிசிப் புட்டுதானே?”